தராசு சொல்லாததைக் கயிறு சொல்லும்

இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்த எமது மக்களுக்கு அளவெடுப்பு என்பது புதிய விடயம் அன்று. கைக்குழந்தையைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மேற்கையைச் சுற்றிப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறமிட்ட நாடாவைப் பிடித்துப் பார்த்தார்கள். கையின் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் சிவப்பு. அப்பிள்ளைக்கு உடனே போசாக்கு உணவும் வைத்தியமும் வேண்டும் என்பது அதன் பொருள். கர்ப்பிணித் தாயின் நிறை மாதந்தோறும் கிளினிக் அட்டையில் ஏறியது. திரிபோஷா பைக்கற் அவள் கைக்கு வந்தது. இந்த அளவுகள் எத்தனையோ உயிர்களைக் காத்தன. ஆயினும் அவை யாவும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: இந்த உடம்பில் என்ன குறைகிறது? அதே பிள்ளையின் தகப்பனுடைய இடுப்பைச் சுற்றி ஒரு நாடாவைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் நியாயமில்லை, பட்டினி கண்ணெதிரே நின்றது.

இன்று நிலைமை வேறு. சலரோகம், சீனி வருத்தம், நீரிழிவு என்று பல பெயர்களால் நாம் அழைக்கும் இந்நோய், நாற்காலியில் அமர்ந்து உத்தியோகம் பார்ப்பவர்களுக்கும் பட்டணத்துப் பணக்காரருக்கும் உரியது என்ற எண்ணம் எமது விவசாயிகளிடம் இன்னும் உண்டு. 2005-06 காலப்பகுதியில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டது. நகர்ப்புறத்தில் 16.4 வீதம், கிராமப்புறத்தில் 8.7 வீதம். நோயாளரில் மூன்றில் ஒரு பங்கினர் தமக்கு அது இருப்பதையே அறியாதிருந்தனர். (விடுபட்ட இரண்டு மாகாணங்கள் எவை என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த வடக்கிலும் கிழக்கிலும் அந்த ஆய்வு நடைபெறவில்லை.) பின்னர் 2018-19 இல் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வு, வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேருக்கு நீரிழிவு உண்டு எனக் கூறியது. நான்கு பேர் குந்தியிருந்து கதைக்கும் ஒரு திண்ணையில் ஒருவருக்கு என்ற கணக்கு இது.

இந்நோய் வருமுன் அறிய வழியுண்டா? ஓரளவுக்கு உண்டு, உடம்பின் அளவுகள் முன்னறிவிப்புத் தருகின்றன. ஆனால் எந்த அளவை நம்புவது என்பதில்தான் எமது மக்கள் ஏமாறிப் போகிறார்கள் என்பது எமது கருத்து.

வைத்தியசாலையில் வழக்கமாகப் பார்ப்பது நிறையையும் உயரத்தையும். நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரில் எடுத்த உயரத்தால் இருமுறை பிரித்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. 160 சென்ரிமீற்றர் உயரமும் 60 கிலோ நிறையும் உள்ளவருக்கு அது 23.4. இந்தக் கணக்கை 1830களில் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்னும் வானியல், கணித அறிஞர். அவர் வைத்தியரும் அல்லர், நோயைத் தேடியவரும் அல்லர். சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்று ஆராய்ந்தவர். 1972 இல் அமெரிக்க ஆய்வாளர் அன்சல் கீஸ் இக்கணக்குக்கு இன்றைய பெயரைச் சூட்டிப் பரவலாக்கினார். சுட்டி 25ஐத் தாண்டினால் நிறை அதிகம், 30ஐத் தாண்டினால் பருமன் என்ற எல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பிய உடம்புகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஆசிய மக்களுக்கு 23இலேயே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது எனக் கருதி நடவடிக்கை எடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் எழுதியது. மேலே நாம் கூறிய 60 கிலோக்காரர் ஐரோப்பியக் கணக்கில் தேறிவிடுவார். எமது கணக்கில் எச்சரிக்கைக்கு உரியவர்.

அதே 2004 இல் இரண்டு வைத்தியப் பேராசிரியர்கள் தம்மைத் தாமே அளந்து பார்த்து ஒரு படத்தை வெளியிட்டார்கள். ஒருவர் இலண்டனைச் சேர்ந்த யுட்கின், மற்றவர் இந்தியாவின் பூனா நகரைச் சேர்ந்த யாஜ்னிக். இருவருக்கும் உடற்றிணிவுச் சுட்டி 22.3, இம்மியும் வேறுபாடில்லை. பார்வைக்கும் இருவரும் மெலிந்தவர்கள்தாம். ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது வெள்ளையருக்கு 9.1 வீதம், இந்தியருக்கு 21.2 வீதம். தராசு இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. உள்ளே இருந்ததோ இரு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு.

இதன் காரணத்தை நெல்லை வைத்து விளக்கலாம். தோலின் கீழே, தொடையிலும் பிட்டத்திலும் சேரும் கொழுப்பு, களஞ்சியத்தில் அடுக்கிய நெல் மூடையைப் போன்றது. அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. களஞ்சியம் சிறிதாகிவிட்டால் மூடைகள் விறாந்தைக்கு வரும், பிறகு அடுப்படிக்கு வரும், நடக்க இடமிராது. தென்னாசியரில் பலருக்குத் தோலின் கீழுள்ள களஞ்சியம் விரைவில் நிறைந்துவிடுகிறது. மிகுதிக் கொழுப்பு வயிற்றின் உள்ளே குடலைச் சுற்றியும், ஈரலுக்குள்ளும், சதையியிலும் போய்ச் சேர்கிறது. அங்கே சேர்ந்த கொழுப்பு இன்சுலின் தன் வேலையைச் செய்யவிடாது தடுக்கிறது. குருதியில் சீனி ஏறுகிறது. அதனோடு குருதியமுக்கமும் மாரடைப்பும் உறவினர் போல் வந்து சேர்கின்றன. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடம்பு இப்படித்தான் உண்டாகிறது. பிரான்சின் மார்செயில் நகர வைத்தியர் ஜோன் வாக், கொழுப்பு எவ்வளவு என்பதை விட எங்கே என்பதே முக்கியம் என்று 1947 இலேயே எழுதிவிட்டார். மற்றவர்கள் அதனைக் காதில் வாங்கப் பல பத்தாண்டுகள் சென்றன.

எமது மக்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு பகுதியும் உண்டு. அதனையே நாம் இங்கு சற்று விரிவாகப் பேச விரும்புகின்றோம்.

1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் படைகளின் தடையால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி உணவின்றித் தவித்தது. நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைந்த பங்கீட்டில் மக்கள் உயிர் பிழைத்தார்கள். சில மாதங்களில் அது முடிந்தது. ஆனால் அம்மாதங்களில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின் பரிசோதித்தபோது, முன்னரோ பின்னரோ கருவானவர்களை விட அவர்களின் உடம்பு சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. இங்கிலாந்தின் ஹேல்ஸ், பார்க்கர் ஆகிய இருவரும் 1992 இல் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தனர்: கருவில் பட்டினி கண்ட பிள்ளை, வெளியேயும் பஞ்சமே இருக்கும் என்று எண்ணிச் சிக்கனமாகத் தன் உடம்பை அமைத்துக்கொள்கிறது, பின்னர் சோறும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தச் சிக்கன உடம்பு தடுமாறுகிறது.

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியபோது, 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, 2009 இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது, எமது தாய்மாரில் எத்தனை பேர் கர்ப்பிணிகளாய் இருந்தார்கள்! அப்பிள்ளைகளில் மூத்தவர்கள் இன்று முப்பதைக் கடந்துவிட்டார்கள். ஒல்லாந்தில் கண்டது இங்கும் எழுத்துக்கெழுத்து நடக்கும் என்று நாம் கூறவில்லை. அது தலைவிதியும் அன்று. ஆனால் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளை பின்னாளில் வயிறு வைக்கத் தொடங்கினால், மற்றவர்களை விட முன்கூட்டியே கவனிக்கப்பட வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. வீட்டில் பழைய கிளினிக் அட்டை தப்பியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் உள்ள பிறப்பு நிறை இன்றைக்கும் வைத்தியருக்குப் பயன்படும் ஓர் அளவு.

பிறந்தவர்களின் கதை இது. வளர்ந்தவர்களின் கதை வேறு விதமானது. விடியற்காலையில் வெங்காயத்துக்கு இறைத்து, பகலில் மண்வெட்டி பிடித்து, பின்னேரம் மாட்டுக்குப் புல் அறுத்த ஒரு மனிதனைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் இருத்தி, அரிசியும் கோதுமை மாவும் பருப்பும் சீனியும் எண்ணெயும் பங்கீடாகக் கொடுத்தால் அவனது உடம்பு என்ன செய்யும்? பசி தீர்ந்தது, அது பெரிய காரியம். ஆனால் மண்வெட்டி போய்விட்டது. மரக்கறியும் கீரையும் மீனும் போய்விட்டன. மாவை ரொட்டியாக்கி, இனிப்புத் தேநீரோடு விழுங்கி, அடுத்த நிவாரணத்துக்குக் காத்திருந்த ஆண்டுகள் அவை. மீளக்குடியேறிய பிறகும் பலர் காணிக்குத் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கும் பம்பியும் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டன. உடல் இளைக்க வேலை செய்தவன் சாப்பிட்ட சோற்றின் அளவு மட்டும் மாறாமல் கோப்பையில் நிற்கிறது.

சென்னையில் வைத்தியர் மோகனும் அவருடைய குழுவினரும் 2005 இல் ஒரு புள்ளிக் கணக்கை வெளியிட்டார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்ற நான்கே கேள்விகள். மொத்தம் 60 புள்ளி வந்தால் நோய்க்கான ஆபத்து அதிகம், குருதியைச் சோதிக்க வேண்டும். இதில் ஐம்பது வயதானவருக்கு வயதுக்காக 30. உடல் உழைப்பே இல்லாமல் இருப்பவருக்கு அதற்காக 30. ஆகவே ஐம்பது வயது விவசாயி ஒருவனின் காணியைப் பறித்து அவனைச் சும்மா இருத்தினால், இடுப்பை அளக்கு முன்னரே அவன் அறுபதைத் தொட்டுவிடுகிறான். காணி விடுவிப்பைப் பற்றிப் பேசும் மேடைகளில் வருமானம், உரிமை, பூர்வீகம் எல்லாம் பேசப்படுகின்றன. இந்த முப்பது புள்ளிகளையும் அங்கே சேர்த்துப் பேச வேண்டும் என்று நாம் கேட்கின்றோம்.

இனி அளக்கும் முறை. நீரிழிவுக்கான சர்வதேச சம்மேளனம் 2005 இல் தென்னாசியருக்கு வகுத்த எல்லை, ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அங்குலத்தில் சொன்னால் ஏறத்தாழ முப்பத்தைந்தரையும் முப்பத்தொன்றரையும். தையல் வேலை செய்யும் வீட்டில் நாடா இருக்கும். நாடா இல்லாவிட்டாலும் கவலையில்லை. இழுபடாத ஒரு கயிற்றை எடுத்து உச்சந்தலை முதல் குதிக்கால் வரை உங்கள் உயரத்துக்கு அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். இரு முனையும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாமல் இடைவெளி விழுந்தால் உங்கள் சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது. பிரித்தானியாவின் சுகாதார வழிகாட்டி நிறுவனம் 2022 இல் வளர்ந்தோருக்குச் சொன்ன ஆலோசனையும் இதுவே: இடுப்பு, உயரத்தின் பாதிக்குக் குறைவாக இருக்கட்டும். எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சியும் இக்கணக்கைப் போடலாம்.

எங்கே சுற்றுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டைக்கு மேலால் அல்லாமல், சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் பிடிக்க வேண்டும். எமது ஆண்கள் பலர் சாரத்தையும் காற்சட்டையையும் வயிற்றின் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, "என்ரை இடுப்பு முப்பத்திரண்டுதான், பத்து வருசமா மாறேல்லை" என்று பெருமைப்படுவதை நாம் கேட்டிருக்கின்றோம். மாறாதது காற்சட்டை, வயிறு அதற்கு மேலால் வழிகிறது. நாடா பிடிக்கும்போது வயிற்றை எக்குவதும் அதே இனம். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது. பெண்களைப் பெண்களே மாதர் சங்கத்தில் மறைவாக அளந்துகொள்ளட்டும்.

எமது பகுதியில் கயிறு தராசை விட நேர்மையாகப் பேசும் இடம் ஒன்றுண்டு. ஷெல்லுக்கும் கண்ணிவெடிக்கும் கால் கொடுத்தவர்களையும், முள்ளந்தண்டு காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் தராசில் ஏற்றினால் நிறை குறைவாகவே காட்டும். இல்லாத காலுக்கு நிறையில்லை. அசையாத தசை கரைந்துபோயிருக்கும். சுட்டியைப் பார்ப்பவர் நல்ல உடம்பு என்று எழுதி அனுப்பிவிடுவார். ஆனால் நடமாட்டம் குறைந்த அந்த உடம்பில்தான் வயிற்றுக் கொழுப்பு விரைவாகச் சேர்கிறது. நாற்காலியில் இருப்பவரைச் சரியான நிலையில் அளப்பது சிரமந்தான். என்றாலும் மாதாமாதம் ஒரே விதமாகப் பிடித்துப் பார்த்தால் கூடுகிறதா குறைகிறதா என்பது தெரிந்துவிடும். ஒரு கால் போனவருக்கு மற்றக் காலில் ஆறாத சீனிப் புண் வந்தால் அதன் பொருள் என்ன என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

கயிறு வருமுன் சொல்லுமே தவிர, வந்துவிட்டதா என்று சொல்லாது. கயிற்றின் முனைகள் தொட்டவருக்கும் நீரிழிவு இருக்கலாம். தொடாதவருக்கு இல்லாமலும் இருக்கலாம். அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமின்றி மெலிதல், மாறாத புண் என்பன கண்டால் இடுப்பு எந்த அளவாயினும் உடனே சோதிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவு வேறு வகை. அது இடுப்பளவைப் பார்த்து வருவதில்லை. இரவு முழுவதும் உண்ணாமல் காலையில் எடுக்கும் குருதியில் சீனி 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறு சோதனையிலும் அவ்வாறே வந்தால்தான் நோய் என்று முடிவு செய்வர். அரசாங்க வைத்தியசாலைகளில் 2011 முதல் தொடங்கப்பட்ட ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் நிறை, இடுப்பளவு, குருதியமுக்கம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. அங்கே போய்ப் பாருங்கள், வாங்கு நிறையப் பெண்கள். ஆண்களைத் தேட வேண்டும்.

அளந்தபின் என்ன செய்வது? சீனி எல்லை தாண்டத் தொடங்கிய நிலையில் உள்ளவர்கள் உடல் நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைத்து, வாரத்தில் இரண்டரை மணி நேரம் வேகமாக நடந்தால், சில ஆண்டுகளுக்குள் நோய் வருவது 58 வீதத்தால் குறைந்தது என்று 2002 இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. இந்தியாவில் 2006 இல் வெளியான அதே விதமான ஆய்வில் குறைவு 28 வீதம்தான். எமது உடம்பு கொஞ்சம் பிடிவாதமானது. என்றாலும் நாலில் ஒருவருக்கு மேல் தப்பினார்கள், அதுவும் மருந்தில்லாமல். இதற்கென்று ஓட்ஸ் பெட்டி வாங்கத் தேவையில்லை. சோற்றில் ஓர் அகப்பை குறைத்துக் கீரையும் பயற்றங்காயும் கூட்டினால் போதும். குரக்கன் புட்டு நல்லது, ஆனால் குரக்கன் என்பதற்காக இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் பயனில்லை. தேநீரில் சீனி போடாமல் கொடுப்பது விருந்தாளியை அவமதிப்பதாகும் என்ற வழக்கம் எமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. கிராமக் கூட்டங்களில் சோடாவும் கிறீம் பிஸ்கற்றும் பரிமாறுவதை நிறுவனங்கள் நிறுத்தி அவித்த கடலை கொடுக்கலாம்.

"என்ன, மெலிஞ்சு போனியள், ஏதும் வருத்தமோ?" என்பது எமது ஊர்களில் அன்பின் மொழி. பட்டினி கண்ட சனம் தொந்தியைச் செழிப்பின் அடையாளமாகக் கொண்டதில் குற்றமில்லை. அதேபோல் வயிறு பெருத்தவனைச் சோம்பேறி என்று ஏளனம் செய்வதையும் நாம் ஏற்கமாட்டோம். நிவாரண மாவைத் தெரிந்தெடுத்தவர் அவரல்லர். கருவில் பட்டினி கிடந்ததும் அவரது விருப்பமன்று. கயிறு கலியாணப் பேச்சுக்கும் கேலிக்கும் பயன்படத் தொடங்கினால் அளக்க ஒருவரும் முன்வரமாட்டார்கள்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்று. சங்கக் கணக்குப் புத்தகத்தோடு ஓர் அப்பியாசக் கொப்பியும் அளவு நாடாவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கொரு தடவை முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களின் இடுப்பளவு அதில் ஏறட்டும்; எல்லை தாண்டியவர்களின் பெயர்களைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுங்கள். அதோடு சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும். கூலிக்குப் போகும் மனிதன் வார நாளில் வெறும் வயிற்றோடு கிளினிக் வாங்கில் பத்து மணி வரை இருக்கமாட்டான். அன்றைய கூலி போய்விடும். மாரி விதைப்பு முடிந்த பிறகு ஒரு போயா நாளிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ காலை ஆறு மணிக்குச் சனசமூக நிலையத்துக்கு வந்து குருதி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எடுத்து முடிந்ததும் சோதனைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க இலைக்கஞ்சியை மாதர் சங்கம் காய்ச்சி வைத்திருக்கட்டும்.